கரை தெரிந்ததும் அவிழ்க்காதீர்கள்: வாகனக் கப்பலைத் துறைமுகத்துக்குத் தயார்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதிகளைச் சுற்றி வரும்போது, சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் தேர் நிலைக்கு வந்து நிற்கும் வரையில் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். நிலை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்பதற்காகக் கட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டு நடப்பவரை நான் கண்டதில்லை. கார்களை ஏற்றிச்செல்லும் ‘கார் கேரியர்’ கப்பல்களில் வேலைக்குச் செல்லும் நம் நெல்லைச் சீமைப் பிள்ளைகள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் அந்தக் கப்பல்களில் நடக்கும் முதல் தவறு, கரை தெரிந்ததும் வண்டிகளைப் பிணைத்திருக்கும் கட்டுகளை அவிழ்ப்பதுதான்.

ஒவ்வொரு காரும் டெக்கிலுள்ள, அதாவது கப்பல் தளத்திலுள்ள துளைகளோடு பெல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். கனரக வண்டிகளுக்குச் சங்கிலி போடுவார்கள். துறைமுகத்தில் கிடைப்பது சில மணி நேரமே என்பதால், கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்த வரும் பைலட் ஏறுவதற்கு முன்பே லாஷிங் எனப்படும் இந்தக் கட்டுகளைக் கழற்றிவைக்கும் ஆசை எழுகிறது. ஆனால் துறைமுகத்துக்குள் செல்லும் கால்வாயின் வளைவில் சுக்கானைத் திருப்பும்போது கப்பல் வெளிப்பக்கமாகச் சாயும். இழுவைப் படகு தள்ளும்போது குலுங்கும். கைபிரேக்கை மட்டும் நம்பி நிற்கும் கார் நகர்ந்தால், பக்கத்தில் சாண் அகலம்கூட இடைவெளியின்றி நிற்கும் அடுத்த காரில் மோதும். அந்த இடுக்கில் குனிந்து கொக்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும் பையன் எங்கே ஒதுங்குவான்? கப்பலைக் கரையோடு பிணைக்கும் கடைசி வடத்தையும் கட்டியாயிற்று என்று, கப்பலை இயக்கும் மேடையான பிரிட்ஜிலிருந்து சொல்லும்வரை ஒரு கொக்கியையும் தொடக் கூடாது.

இரண்டாவது தவறு, கப்பல் நிமிர்ந்து நிற்பதற்கான எடைக்கணக்கை வந்துசேரும் நாளுக்குத் தனியாகப் போடாதது. அது கண்ணுக்குத் தெரியாதது. எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பல தட்டுகளில் வண்டிகளை ஏற்றிய உயரமான கப்பல் நிமிர்ந்து நிற்பதற்கு அடித்தொட்டிகளிலுள்ள எடை பெருந்துணையாகிறது. பயணத்தில் அடியிலுள்ள எரிபொருள் செலவாகச் செலவாக, கப்பலின் எடைமையம் மேலே ஏறுகிறது. ஆகவே புறப்பட்ட அன்று போட்ட கணக்கு வந்துசேரும் நாளுக்குப் பொருந்தாது. இதற்கிடையே கால்வாயின் ஆழத்துக்காகவோ, வண்டிகள் கரைக்கு இறங்கும் சரிவுப் பாலமான ராம்ப் சரியாக இறங்க வேண்டும் என்பதற்காகவோ, எடைக்காகத் தொட்டிகளில் நிரப்பிய பேலஸ்ட் நீரை வெளியேற்றினால், பாதி நிறைந்த தொட்டிகளில் தண்ணீர் அங்குமிங்கும் புரண்டு சாய்வைக் கூட்டும். எனவே வருகை நிலைக்கென்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். அதுவும் அளந்து பார்த்த எண்களைக் கொண்டு.

நான் இருந்த ஒரு கப்பலில், ஒரு தொட்டியின் நீர்மட்டம் 1.90 மீட்டர் என்று திரை காட்டிற்று. உவரிக்காரரும் டெக் ஆட்களின் தலைவருமான எங்கள் போசன் அண்ணாச்சி, நீர் பட்டால் நிறம் மாறும் பசையை அளவு நாடாவில் தடவி, தொட்டிக்குள் இறங்கும் அளவுக் குழாய்க்குள் இறக்கி எடுத்தார். பசை நிறம் மாறிய கோடு 1.35-இல் நின்றது. மறுபடியும் இறக்கினார், அதே கோடுதான். திரையை நம்பியிருந்தால், இல்லாத தண்ணீரை இருப்பதாகக் கணக்கில் எழுதியிருப்போம்.

இது சிறிய விஷயமன்று. 2015 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்பட்ட ‘ஹோக் ஒசாகா’ என்ற கார் கேரியர் பெரிதும் சாய்ந்து மணல்திட்டில் தரைதட்டியது. துல்லியமான கணக்கை முடிக்காமலேயே அது கிளம்பியிருந்தது. பேலஸ்ட் அளவுகள் உத்தேசமானவை. சரக்கின் எடையும் பட்டியலில் இருந்ததினின்று மாறுபட்டிருந்தது. 2019 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் பிரன்ஸ்விக்கிலிருந்து கிளம்பிய ‘கோல்டன் ரே’, 4,000-க்கும் மேற்பட்ட வண்டிகளோடு ஒரு வளைவில் திரும்பும்போது கவிழ்ந்தது. பேலஸ்ட் அளவுகளைக் கணினியில் தவறாக ஏற்றியதே காரணம் என்று விசாரணை கண்டது. இரண்டும் புறப்பாட்டில் நடந்தவை. ஆயினும் கால்வாய்க்குள் நுழையும் கப்பலுக்கும் வளைவு அதே வளைவுதான்.

கதவைத் திறந்தே விடுவது அடுத்த தவறு. ‘கோல்டன் ரே’யில் தண்ணீர் புகாத கதவுகள் திறந்தே கிடந்ததால் வெள்ளம் உள்ளே பாய்ந்தது. எஞ்சின் அறையிலிருந்த நால்வர் வெளியேற வழியின்றி மறுநாள்தான் மீட்கப்பட்டார்கள். பைலட் ஏறியதும், அவர் ஏறிவந்த பக்கவாட்டுக் கதவை மூடி, மூடியதைப் பிரிட்ஜுக்குச் சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர வேண்டும். ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் கயிற்றேணி மட்டும் போதாது. கப்பலின் பக்கத்தில் சாய்வாக இறங்கும் படிக்கட்டான அக்கமடேஷன் ஏணியையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

காற்றைக் குறைத்து மதிப்பிடுவது இன்னொரு தவறு. ஆடிக்காற்று அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், கார் கேரியரின் பக்கமோ பெரிய மதில்போல நிற்கிறது. இழுவைப் படகுகள் எத்தனை தேவை என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். ராம்ப் விஷயத்தில் ஓதமும், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதும் முக்கியம். தூத்துக்குடியில் ஓத வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சவுத்தாம்ப்டனில் 4 மீட்டரை எட்டும். நம் துறைமுகத்துப் பழக்கத்தில் ராம்பை இறக்கிவிட்டு மறந்தால், சில மணி நேரத்தில் அதன் சரிவு மாறி, தாழ்வான கார்களின் அடிப்பகுதி உரசும்.

கடைசியாக, நெருப்பு. இறக்கும் வேலை தொடங்கும் முன் விசிறிகளை ஓடவிட்டுப் புகைக்காற்றை வெளியேற்ற வேண்டும். வண்டிப் புகையால் பொய்யெச்சரிக்கை வரும் என்று தீ உணரும் கருவியை அணைத்துவைத்தால், அதை மீண்டும் இயக்குவது யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிவைக்க வேண்டும். 2020 ஜூன் 4 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் ‘ஹோக் சியாமென்’ என்ற கார் கேரியர் எரிந்தபோது, ஏற்றும் வேலைக்காக அணைத்த கருவி இயக்கப்படாமலே இருந்தது. பழைய கார்களின் பேட்டரி இணைப்புகளும் முறையாகத் துண்டிக்கப்படவில்லை. கருவியை அணைத்த நேரம், அணைத்தவர் பெயர், திரும்ப இயக்கிய நேரம் ஆகிய மூன்றையும் சரக்குக் கட்டுப்பாட்டு அறையின் பலகையில் எழுதுங்கள்; மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும்வரை ராம்பை மூட விடாதீர்கள்.