மேடைக்குப் பின்னால் உள்ள வேலைகள்: மாணவர்களுக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாட்டு வரவில்லையா? பரவாயில்லை, சவுண்ட் பக்கம் போய்விடலாம்." தொழில் வழிகாட்டும் வகுப்புகளில் நல்ல மனத்தோடுதான் இப்படிச் சொல்கிறோம். ஆனால் முதல் தவறு அதுதான். ஒலியமைப்பு, பாட வராதவர்கள் ஒதுங்கும் இடம் அல்ல. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நாதத்தையும், இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த, வளைந்த ஒலியையும் பிரித்துக் கேட்கும் காது அதற்கு வேண்டும். அந்தக் காது உள்ள பிள்ளையிடம் இது இரண்டாந்தர வேலை என்று சொல்லிவிட்டால், அவன் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டான்.

மாணவர்களை அழைத்துப்போய்க் கச்சேரியை மட்டும் காட்டுவதும் தவறு. திரை விலகும்போது பாதி வேலை முடிந்திருக்கும். மார்கழியில் சென்னை சபா ஒன்றுக்குப் போவதானால், அனுமதி கேட்டு, அரங்கு காலியாக இருக்கும்போதே போங்கள். ஒலிச் சோதனையின்போது பாடகர், தன் பக்கம் திருப்பி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரைக் காட்டி, "மானிட்டரில் தம்பூராவைக் கொஞ்சம் கூட்டுங்கள்" என்பார். அளவு மீறிக் கூட்டினால் ஸ்பீக்கர் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து வீலென்று அலறும். அதை ஒருமுறை நேரில் கேட்டவர்களுக்குப் பாடம் தனியாக வேண்டியதில்லை.

கச்சேரி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஒருமுறை என்னுடன் வந்த மாணவி மைக் கேபிளை முழங்கையில் கயிறுபோலச் சுற்றினாள். மேடை உதவியாளர் அதை வாங்கிப் பிரித்தார். ஒரு வளையத்தை உள்பக்கமாகவும் அடுத்ததை வெளிப்பக்கமாகவும் மடித்துப் போட்டார். "முழங்கையில் சுற்றினால் முறுக்கு ஏறும் அம்மா, உள்ளே கம்பி அறுந்துவிடும்" என்றார். பிறகு ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு வீசினார். சிக்கே விழாமல் மேடையின் மறுமுனை வரை ஓடியது. அவள் அதை இருபது முறை செய்து பார்த்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

இயற்பியலை ஒதுக்கிவைக்க வேண்டாம். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மேடை ஸ்பீக்கரிலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு அது நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகவே எட்டும். அவர் அருகில் இன்னொரு ஸ்பீக்கர் வைத்தால், அதையும் அதே அளவு தாமதிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே சொல் இரண்டு முறை கேட்கும்.

மேடை என்றவுடன் ஒலி, ஒளியோடு நின்றுவிடுகிறோம். 2023 செப்டம்பரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த ஏ.ஆர். ரகுமான் நிகழ்ச்சியில், டிக்கெட் வைத்திருந்த பலரால் உள்ளே போக முடியவில்லை. வாகன நிறுத்தம், நுழைவாயில், கூட்டம் நகரும் வழி ஆகியவற்றைத் திட்டமிடுவதும் தனித் தொழில் என்பதைப் புரியவைக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கஷ்டங்களை மறைப்பதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். 100 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. போன காது திரும்பாது. காதடைப்பான்களை முதல் வகுப்பிலேயே கையில் கொடுங்கள். எர்த் இல்லாத ஜெனரேட்டர் இணைப்பு உயிரைப் பறிக்கும் என்பதையும் அன்றே சொல்லுங்கள். வருமானம் பற்றிப் பேச, தொழிலில் இருக்கும் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். போன ஆண்டு எத்தனை நாள் வேலை கிடைத்தது, பணம் எப்போது கைக்கு வந்தது, சீசன் இல்லாத மாதங்களில் என்ன செய்தார் என்று மாணவர்களே கேட்கட்டும். ஆசிரியர் குறுக்கே பேச வேண்டாம்.