பிள்ளைத்தாச்சிக்குச் சுறா வேண்டாம், சூடை வாங்குங்கள்

என் தங்கச்சி உண்டாகியிருந்தபோது மாமி ஆசையாகச் சுறா வறை செய்து கொண்டு வந்தார். தேங்காய்ப்பூவும் மஞ்சளுமாக வாசமே தூக்கியது. பாசத்தில் குறையில்லை, மீன்தான் தவறு. சுறா, தளப்பத்து போன்றவை மற்ற மீன்களைத் தின்று வளர்பவை. அவற்றின் சதையில் பாதரசம் கூடுதலாகச் சேரும். அது தொப்புள்கொடி வழியே போய்ச் சிசுவின் வளரும் மூளையைத் தாக்கும்.

அதற்காக மீனையே நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் நட்டம். கடைசி 3 மாதங்களில் பிள்ளையின் மூளை வேகமாக வளரும். அதற்கான ஒமேகா-3 கொழுப்பு தாயிடமிருந்துதான் போக வேண்டும். எங்கள் திருகோணமலைக் கடற்கரையில் காலையில் கிடைக்கும் சூடை, சாளை, நெத்தலியிலேயே அது நிறைய இருக்கிறது, விலையும் குறைவு. வாரத்தில் 2, 3 நாட்கள், மொத்தம் 225 முதல் 340 கிராம் வரை. சொதியாகவோ புளி விட்டுக் குழம்பாகவோ நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். உப்பு அயடீன் கலந்ததாக இருக்கட்டும். அதுவும் மூளைக்குத் தேவை.

அப்புறம், கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிளேன்டீயோடு விழுங்க வேண்டாம். தேநீர் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள், தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.