பரவைக்கடலில் பிள்ளைகளுக்கு ஒரு வள்ளப் பாடம்: செய்முறை

கடலட்டையைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டு உயிரியல் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. பண்ணைக் கடல் பக்கத்தில்தானே கிடக்கிறது! ஒரு வகுப்பைப் பரவைக்கடலுக்கு, அதாவது கடல்நீரேரிக்கு, கூட்டிப்போக நான் பின்பற்றும் முறையை எழுதுகிறேன்.

1. காலம், இடம்

பங்குனி, சித்திரை நல்லது. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகக்காற்று எழும்பாத இடைவெளி அது. விடியவே இறங்கி, வெயில் ஏறமுன் திரும்பிவிடுங்கள். மண்டைதீவுப் பக்கம் போதும். முதல் பயணத்துக்கு நெடுந்தீவு வேண்டாம். குறிகட்டுவான் இறங்குதுறையைத் தாண்டினால் அலை வேறு மாதிரி.

2. வள்ளம், கடிதங்கள்

அதிபர் அனுமதி, பெற்றோர் சம்மதம், கடற்படைக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் பெயர்ப்பட்டியல். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே கட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். வள்ளம் எவ்வளவு பெரிதானாலும் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. என்ஜினை விட முக்கியம், கோல் ஊன்றத் தெரிந்த வள்ளக்கார அண்ணை ஒருவர். ஏன் என்பது அடுத்த படியில்.

3. மிதவையுயிரி வலை

எல்லோரும் சிக்கிக்கொள்வது இங்கேதான், நானும் சிக்கிக்கொண்டேன். நீரில் மிதந்து திரியும் சின்னஞ்சிறு உயிர்களைப் பிடிக்கும் வலை இது: வாயில் ஒரு வளையம், வாலில் ஒரு சிறு போத்தல், நடுவில் கூம்பாகத் தைத்த துணி. காலுறைத் துணியில் தைக்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. இழுபட்டதும் கண்கள் விரிந்து எல்லாம் தப்பிவிடும். திரை அச்சுக்காரர் பயன்படுத்தும் நைலோன் துணி வாங்குங்கள்.

என்ஜினை ஓட்டி வலையை இழுத்தால் போத்தலில் ஒன்றும் இருக்காது. நீர் அந்த வேகத்தில் துணியூடாக வெளியேற முடியாமல் வளையத்தடியிலேயே முட்டி, இரு பக்கமும் வழிந்து போய்விடும். உள்ளே அகப்பட்ட மெல்லிய உயிர்களும் துணியில் நசிந்துவிடும். அதனால் என்ஜினை நிறுத்திவிட்டு, நடையை விட மெதுவாகக் கோலை ஊன்றித் தாங்கச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னொரு சிக்கல். பரவைக்கடல் பெரும்பாலும் ஓரிரு மீற்றர் ஆழம்தான். கோல் ஊன்றும் இடத்தில் சேறு கிளம்பும். வலை பின்னால் வந்தால் அந்தச் சேற்றைத்தான் அள்ளும். வலையை அணியத்தின் (வள்ளத்தின் முன்பக்கம்) பக்கவாட்டில் நீட்டிய தடியில் கட்டி, சிறு மிதவையும் சேர்த்து, அரை மீற்றருக்குக் கீழே போகாமல் வையுங்கள். அண்ணை பின்னால் நின்று தாங்கட்டும். ஐந்து நிமிடம் போதும்.

தூக்கியதும் வலையின் வெளிப்பக்கத்தில் கடல்நீர் ஊற்றி, ஒட்டியதைப் போத்தலுக்குள் இறக்குங்கள். தேத்தண்ணி நிறமாக இருந்தால் அது சேறு, திரும்ப இழுங்கள். இலேசாகக் கலங்கி, வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளிகள் துள்ளினால் சரி. நுணுக்குக்காட்டியில் ஒரு துளி வைத்தால் துடுப்புக்காலிகள் என்னும் நுண்ணிய ஓட்டுயிர்கள் வெட்டி வெட்டிப் பாயும். அதிர்ஷ்டம் இருந்தால் முதுகில் நீண்ட முள்ளோடு ஒரு நண்டுக் குடம்பி. நாளைக்கு நண்டாகப்போவது இதுதான் என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் கண்ணை எடுக்காது.

4. சாதாளைப் (கடற்புல்) படுக்கை

அடி வெட்டிய வாளியில் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகடு ஒட்டி, அதனூடாகப் பாருங்கள். நீருக்கடி கமெராவை விட இதையே விரும்புகிறேன்; பிள்ளை தானே தேடிக் காணும். ஓரா மீன் சாதாளை கொறிப்பதைக் காட்டலாம். ஆனால் தொட விடாதீர்கள், அதன் முள்ளில் விஷம். இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் மண்ணில் உரசி நடக்க வேண்டும். மிதிபடமுன் திருக்கை விலகிவிடும். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் வேண்டாம், கடல்நீரால் கழுவுங்கள்.

5. உப்புத்தன்மை

கடலில் ஆயிரம் கிராம் நீருக்கு 35 கிராம் அளவு உப்பு. நீரேரியில் மாரி மழையோடு இறங்கும், கோடையில் 35ஐத் தாண்டும். இரண்டு பருவத்திலும் அளந்தால்தான் பாடம் விளங்கும்.

பிற்சேர்க்கை: நீரின் தெளிவை அளக்கக் கயிற்றில் இறக்கும் செக்கித் தட்டு, அடி தொட்டும் தெரிகிறதே, என்ன எழுதுவது என்று ஒரு ரீச்சர் கேட்டிருந்தார். அப்போது ஆழத்தைத் தெளிவு அளவாக எழுத வேண்டாம்; "அடி தெரிந்தது" என்று மட்டும் குறித்துவிட்டு, ஆழமான வாய்க்கால் பக்கம் போய் அளந்து பாருங்கள். கடலட்டைப் பண்ணை வேலிகளில் வள்ளத்தைக் கட்டலாமா என்றும் கேட்டார்கள். கட்டாதீர்கள். பண்ணைக்காரரிடம் முதல்நாளே கேட்டால் அவரே ஓர் அட்டையை எடுத்துக் காட்டுவார்.