முந்திரிக் கடைக்கு லிங்க் சேர்த்த கதை: புது வலைத்தளத்தை கூகுளில் மேலே கொண்டுவருவது எப்படி

பண்ருட்டியில் என் சித்தப்பாவுக்கு ஒரு முந்திரிக் கடை இருக்கிறது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டுதான் தொழில். பத்திரிகை அடிக்க வருபவர்கள் கேட்டுக் கேட்டு, நாலைந்து வருடமாக வலைத்தளமும் செய்து தருகிறேன். அதில் ஒன்று சித்தப்பாவுடையது. தளம் போட்டு ஒன்றரை மாதம் கழித்து போன் வந்தது.

"ஏம்பா, கடைப் பேரைப் போட்டாலே வரமாட்டேங்குது. நிஜமாவே போட்டியா?"

போய்ப் பார்த்தால் தப்பு என்னுடையது. தளம் கட்டப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்று ஒரு பக்கம் உண்டு. தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்லும் டிக் பெட்டி அங்கேதான் இருக்கிறது. வேலை நடக்கும்போது அரைகுறையாக வெளியே தெரிய வேண்டாமே என்று டிக் போட்டிருந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். ஒன்றரை மாதமாகக் கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, ஆள் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறோம்.

அதனால் லிங்க் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, இரட்டைப் புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை அடியுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வர வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் அந்த டிக் பெட்டியையும் தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பையும் பாருங்கள். அப்புறம் தளம் கூகுளில் எப்படி நிற்கிறது என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பைக் கொடுங்கள். காசு கிடையாது. முக்கியமான பக்கங்களை ஒவ்வொன்றாக யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டு, இன்டெக்ஸ் செய்யச் சொல்லி, அதாவது கூகுள் தன் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

வீட்டு வேலை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முகவரி எச்டிடிபிஎஸ்ஸில் தொடங்க வேண்டும். மூன்று டபிள்யூ உள்ள முகவரி, இல்லாத முகவரி இரண்டில் ஒன்றை முடிவு செய்து மற்றதை அதற்குத் திருப்பிவிடுங்கள். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. பக்கத்தின் குறியீட்டுக்குள் தேடல் சொற்களை அடுக்கும் கீவேர்ட்ஸ் மெட்டா டேக் நிரப்பித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், கூகுள் படித்துக்கொள்ளும். ஆனால் அதை வாட்ஸப்பில் ஒட்டினால் பெரும்பாலும் சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும். முந்திரி என்ற சொல்லில் கணினிக் கணக்குப்படி 8 குறிகள். ஒவ்வொன்றும் 9 எழுத்தாகி மொத்தம் 72. அதைப் பார்ப்பவர் ஏதோ வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். நான் முகவரியை ஆங்கில எழுத்திலும், தலைப்பையும் உள்ளடக்கத்தையும் தமிழிலும் வைக்கிறேன்.

ஊர்ப் பெயர் விஷயம் நம் வட்டாரத்துக்கே உரிய தலைவலி. கடலூர் என்று தேடுகிறவருக்குச் சில சமயம் நீலகிரிக் கூடலூர் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் உச்சரிப்பை வைத்து அடித்தால் குழப்பம் இன்னும் அதிகம். பாண்டிச்சேரி 2006-ல் புதுச்சேரி என்று மாறினாலும் ஜனங்கள் பாண்டி என்றும்தான் தேடுகிறார்கள். அதற்காக எல்லாப் பெயரையும் ஒரே வரியில் அடுக்காதீர்கள். தலைப்பில் ஒன்று, பேச்சுவாக்கில் பத்தியில் இன்னொன்று, முகவரியில் மாவட்டப் பெயர் என்று இயல்பாக வரட்டும்.

சரி, லிங்க்குக்கு வருவோம்.

பையனுக்குப் பெண் பார்க்கும்போது என்ன செய்கிறோம்? அவர்கள் வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறோம், ஆனால் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். டீக்கடையில் சும்மா நிற்பவர் பத்து பேர் "நல்ல குடும்பம்" என்பதைவிட, அவர்களோடு இருபது வருடம் கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கும் ஒருவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். அந்த ஒருவரைப் பற்றியும் ஊரில் நல்ல பேர் இருந்தால் இன்னும் அதிகம். லாரி பேஜும் செர்ஜி பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது உருவாக்கிய பேஜ்ரேங்க்கின் அடிப்படை இதுதான். ஒரு பக்கம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவருக்கு எவ்வளவு பரிந்துரை இருக்கிறதோ அதைப் பொறுத்து அதன் எடை. இன்று கூகுள் பார்க்கும் விஷயங்கள் எத்தனையோ கூடிவிட்டன, ஆனால் விசாரிக்கும் வழக்கம் போகவில்லை.

அதனால் புதுத் தளக்காரர் கேட்க வேண்டிய கேள்வி "லிங்க் எங்கே கிடைக்கும்" என்பதல்ல. என்னோடு ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்களில் யார் யாருக்குத் தளம் இருக்கிறது? அவர்கள் சுட்டிக்காட்டும்படி என்னிடம் என்ன பக்கம் இருக்கிறது?

இரண்டாவதை முதலில் முடியுங்கள். சித்தப்பா தளத்தில் முதலில் இருந்தது விலைப்பட்டியலும் "தரமான முந்திரி, நியாயமான விலை" என்ற வாசகமும்தான். அதற்கு எவர் லிங்க் கொடுப்பார்? ஒரு நாள் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதினேன். பாதிப் பேர் கேட்டது ஒன்றே: "240-க்கும் 320-க்கும் என்ன வித்தியாசம்?" விற்கிற பலருக்கே அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் எடையில் எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு. 320 ரகம் என்றால் பவுண்டுக்கு 300 முதல் 320 வரை. எண் கூடக் கூடப் பருப்பு சிறிது. 180 தான் பெரிசு, விலையும் பெரிசு.

இதை ஒரு பக்கமாக எழுதினோம். சித்தி 320 ரகத்தில் 250 கிராம் நிறுத்து, தட்டில் கொட்டி எண்ணினார்: 171. அந்தத் தட்டைப் படம் பிடித்துப் போட்டேன். 180, 240, 320 மூன்றையும் ஒரு ரூபாய் நாணயத்தோடு பக்கத்தில் வைத்து இன்னொரு படம். எந்த ரகம் பாயசத்துக்கு, எது அரைத்து ஊற்ற, கேசரிக்கு உடைத்த பருப்பே போதும், முழுசு வாங்குவது தண்டம் என்றெல்லாம் சித்தி சொன்னதை அப்படியே எழுதினேன். உடைத்ததை வாங்கச் சொன்னால் வியாபாரம் என்னாவது என்று சித்தப்பா முனகினார். கடைசியில் அந்த வரிதான் எல்லோருக்கும் பிடித்தது.

உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு பக்கம் கண்டிப்பாக இருக்கிறது. லாட்ஜ் வைத்திருந்தால் பிச்சாவரம் படகுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று எழுதலாம். மர வியாபாரியாக இருந்தால் 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்த மாவட்டத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்த பிறகு தோப்புகள் எப்படி மாறின என்பதே ஒரு பக்கத்துக்குக் காணும். உங்களுக்குத் தெரிந்து, இணையத்தில் தமிழில் ஒழுங்காக இல்லாத விஷயமா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து உங்கள் விற்பனைப் பக்கத்துக்கு நீங்களே ஒரு லிங்க் வையுங்கள். வெளியார் லிங்க் வருவது விளக்கப் பக்கத்துக்கு. அந்த மரியாதை உள் லிங்க் வழியாகத்தான் விலைப் பக்கத்துக்குப் போய்ச் சேரும். நான் பார்த்த தளங்களில் பத்துக்கு எட்டு இதை விட்டுவிடுகின்றன.

இனி ஆட்கள். ஒரு தாளில் எழுதினோம். அட்டைப்பெட்டி அடித்துத் தருபவர். வேக்குவம் பேக்கிங் மெஷின் விற்றவர். அவர் தளத்தில் வாடிக்கையாளர் பட்டியலே இருந்தது, சித்தப்பா பெயர் மட்டும் இல்லை. பாண்டியில் மாதாமாதம் சரக்கு எடுக்கும் ஒரு ஸ்வீட் ஸ்டாலும் ஒரு பேக்கரியும். பாண்டி ஒயிட் டவுனில் விருந்தாளிகளுக்கு முந்திரிப் பொட்டலம் வைக்கும் ஹோம்ஸ்டே. வியாபாரிகள் சங்கம். என் தம்பி படித்த கல்லூரியின் பழைய மாணவர் பக்கம். மொத்தம் பதினொன்று வந்தது. உங்களுக்கும் பத்துப் பேராவது தேறும், எழுதிப் பாருங்கள்.

கேட்கும்போது "எங்களுக்கு ஒரு பேக்லிங்க் கொடுங்கள்" என்று (வேறு தளத்திலிருந்து நமக்கு வரும் லிங்க்தான் பேக்லிங்க்) ஆரம்பித்தால் வேலை நடக்காது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில், அதனால் அவருக்கு என்ன சௌகரியம் என்று சொல்ல வேண்டும். பேக்கரிக்காரருக்கு நான் அனுப்பியது இது:

"அண்ணே, உங்க தளத்துல 'எங்கள் பொருட்கள்' பக்கத்துல முந்திரி பண்ருட்டியில இருந்து வருதுன்னு போட்டிருக்கீங்க. அது நம்ம சரக்குதான். அந்த வரியில எங்க ரக விளக்கப் பக்கத்துக்கு ஒரு லிங்க் போட்டீங்கன்னா, 240-ன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு நீங்க தனியா விளக்க வேண்டாம்."

மறுநாளே போட்டுவிட்டார். ஹோம்ஸ்டேகாரருக்கு மூன்று முறை மெசேஜ் அனுப்பியும் பதில் இல்லை. நேரில் போய்க் காபி குடித்தபோது பத்து நிமிடத்தில் முடிந்தது. கடலூரிலிருந்து பாண்டிக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். நேரில் போகிற வசதி உள்ளூர்த் தளங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது, விடாதீர்கள்.

லிங்க்கில் என்ன வார்த்தை வைப்பது என்று அவர்கள் கேட்டால், அவர்கள் விருப்பத்துக்கு விடுங்கள். பதினொரு இடத்திலும் ஒரே மாதிரி "பண்ருட்டி முந்திரி விலை" என்றிருந்தால் யாரோ சொல்லிக்கொடுத்தது போலத்தான் தெரியும். ஒருவர் கடைப் பெயர் போடுவார், ஒருவர் "இங்கே பார்க்க" என்பார். இருக்கட்டும்.

இதோடு கூகுள் பிசினஸ் புரொஃபைல், ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் போன்ற இடங்களில் கடையைப் பதியுங்கள். பெயர், முகவரி, போன் எண் மூன்றும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். சித்தப்பா ஓரிடத்தில் பழைய லேண்ட்லைன் கொடுத்திருந்தார், அது ஓயாமல் அடித்தாலும் எடுக்க ஆளில்லை.

நோஃபாலோ என்ற சொல்லைக் கேட்டு பயப்பட வேண்டாம். கண்டபடி லிங்க் திணிப்பதைத் தடுக்க 2005-ல் வந்த குறி அது. இந்த லிங்க்கை என் பரிந்துரையாக எடுக்காதே என்று பொருள். 2019-ல் இதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்வதாக கூகுள் அறிவித்தது. சமையல் யூட்யூப் சேனல் ஒன்று விவரப் பகுதியில் நம் பக்கத்தைக் கொடுத்தது நோஃபாலோதான், ஆனால் ஆர்டர் வந்தது. விக்கிப்பீடியாவின் வெளி லிங்க்குகளும் நோஃபாலோ. பண்ருட்டிக் கட்டுரையில் நைசாகச் செருகிப் பார்த்தேன், யாரோ தூக்கிவிட்டார்கள். தூக்கியது சரிதான்.

இப்போது அசிங்கமான பகுதி. சித்தப்பா தளத்துக்கு முன்னால் வேறொரு வாடிக்கையாளருக்காக, ஆயிரம் பேக்லிங்க் தருகிறேன் என்ற ஆளிடம் 6,000 ரூபாய் கட்டினேன். எக்ஸெல் பட்டியல் வந்தது. திறந்தால் சூதாட்டத் தளங்கள், யாரும் படிக்காத பக்கங்கள், ஒரே கட்டுரை நூறு இடத்தில். தரவரிசையில் ஒரு படி ஏறவில்லை. கூகுள் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததே இந்த மாதிரி லிங்க்குகளை அடிக்கத்தான்; இன்று பெரும்பாலும் அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. நல்லவேளை, சர்ச் கன்சோலில் கூகுள் ஆட்களே பார்த்துப் போடும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் எதுவும் வரவில்லை. வராத வரை இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைத் தொட வேண்டியதில்லை. காசு போனதுதான் போனது.

இதைச் சொன்னபோது சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். "காசு வேண்டாம், சாப்பாடு பத்தி எழுதுறவங்களுக்கு ஆளுக்கு ஒரு கிலோ 180 அனுப்பிடுவோம், லிங்க் போட்டுடுவாங்க." மனசு பெரிசுதான், ஆனால் லிங்க்குக்காகப் பொருள் கொடுப்பதையும் கூகுள் காசு கொடுப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. அப்படி வரும் லிங்க்கில், கைமாறு வாங்கிப் போட்டது என்று காட்டும் ஸ்பான்சர்ட் குறியோ நோஃபாலோ குறியோ இருக்க வேண்டும். நீ எனக்கு, நான் உனக்கு என்று மொத்தமாக மாற்றிக்கொள்வதும் அதே கதை. நிஜமாகவே சரக்கு வாங்குகிற பேக்கரியை நம் தளத்தில் குறிப்பிடுவதில் தவறில்லை, முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்து மாற்றிக்கொண்டால்தான் வம்பு.

எவ்வளவு நாள் ஆகும்? பலன் தெரிய பொதுவாக நான்கு மாதம் முதல் ஒரு வருடம் என்று கூகுள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவந்தது. அதுவரை தினமும் தேடிப் பார்த்து மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அடிக்கடி திறக்கும் தளம் உங்கள் போனில் மேலே வரக்கூடும். நான் மாதம் ஒரு ஞாயிறு மட்டும் சர்ச் கன்சோலைத் திறக்கிறேன். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சராசரி இடம் 8-க்கும் 20-க்கும் நடுவே நிற்கும் தேடல் சொற்களைப் பிரித்தெடுப்பேன். அவைதான் வாசற்படி வரை வந்து நிற்பவை. அந்தப் பக்கத்தில் விடுபட்ட கேள்விக்குப் பதில் எழுதுவேன், தலைப்பைத் திருத்துவேன், தளத்துக்குள்ளேயே இரண்டு பக்கங்களிலிருந்து லிங்க் தருவேன். அப்புறம் லிங்க்ஸ் பகுதியில் புதிதாக யார் பெயர் வந்திருக்கிறது என்று பார்ப்பேன். எல்லாவற்றையும் அது காட்டாது, ஒரு பகுதியை மட்டும்தான்.

ரக விளக்கப் பக்கம் இப்போது முதல் பக்கத்தில் நிற்கிறது. "பண்ருட்டி முந்திரி" என்று மட்டும் தேடினால் சித்தப்பா கடை இன்னும் இரண்டாம் பக்கத்தில்தான். போன ஞாயிறு லிங்க் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு கேட்டரிங்காரர் தளம் இருந்தது. திறந்து பார்த்தேன். சித்தி எண்ணிய தட்டின் படத்தைக் காட்டி, கேசரிக்கு உடைத்த பருப்பே போதும் என்று எழுதி, நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார்.