போர்க்கதையில் ஒரு மண்ணெண்ணெய் டின்

ராயபுரத்தில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதிய கதைகளை வாசித்துக் காட்டுவோம். வடசென்னைக்காரர்களுக்குப் போர் எங்கோ நடந்த சங்கதி இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. ஐகோர்ட் சுவரில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஜனங்கள் பட்டணத்தை விட்டு ஓடினார்கள். பர்மாவிலிருந்து காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களும் எங்களில் உண்டு.

அதனால் போர்க்கதைகள் நிறைய வருகின்றன. ஒரே தவறும் திரும்பத் திரும்ப வருகிறது. அப்பாவின் கைக்கடிகாரம் ஒன்று இருக்கும். குண்டு விழும்போது அது நின்றுவிடும். அப்புறம் காலமே உறைந்தது என்று ஒரு வரி. அதுவரை அந்தக் கடிகாரத்தில் யாரும் ஒரு தடவைகூட மணி பார்த்திருக்க மாட்டார்கள்! குறியீடாக்கும் அவசரத்தில் பொருளைப் புழங்கவே விடுவதில்லை.

எம்டன் காலத்துக் கதையில் ஒரு பெண் தெருத்தெருவாக மண்ணெண்ணெய் விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தகர டின்னின் கம்பிப் பிடி உள்ளங்கையை அறுக்கும். கந்தலைச் சுற்றிப் பிடிப்பாள். எத்தனை தடவை கை கழுவினாலும் அவள் பிசையும் சோற்றில் எண்ணெய் வாடை அடிக்கும். இதெல்லாம் வாசகருக்குப் பழகட்டும். அப்புறம் டாங்குகள் எரியட்டும். மறுநாள் தெருவே மூட்டை கட்டுகிறது. அவள் டின்னைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதில் வீட்டு அரிசியைக் கொட்டுகிறாள். அவள் மனம் மாறிவிட்டது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். அரிசியில் வாடை ஏறியதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

ஒரே ராத்திரியில் ஆளை மாற்றிவிடுவது அடுத்த தவறு. காலையில் பயந்தாங்கொள்ளி, மாலையில் வீரன் என்றால் யார் நம்புவார்கள்? 1929-இல் புத்தகமாக வந்த, ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் முதல் உலகப்போர் நாவலில் ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வரும். காலை இழந்து சாகக் கிடக்கும் கெம்மரிக்கிடம் அவன் நண்பன் மூலர் அதைக் கேட்கிறான். பிறகு மூலரும் செத்துப்போக, பூட்ஸ் கதைசொல்லியான பாலிடம் வருகிறது. முதல் முறை நமக்குத் திக்கென்கிறது. அடுத்த முறை பால் அதைச் சாதாரணமாக வாங்கிக்கொள்கிறான். பூட்ஸ் அதேதான், வாங்கும் கை எப்படி ஆகிவிட்டது பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை.

எடையையும் யோசியுங்கள். பர்மாவிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வருகிறவள் பாட்டியின் பித்தளை அண்டாவைக் கடைசிவரை சுமந்தாள் என்று எழுதினால், அது காகிதத்தில் செய்த அண்டா. வழியில் எந்த இடத்தில் இறக்கி வைத்தாள், வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாளா என்பதில்தான் கதை இருக்கிறது.

சரி, முடிவு. பேரன் பரணில் அந்த டின்னைக் கண்டெடுத்துக் கட்டிப்பிடித்து அழுகிற காட்சியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். அவன் அதன் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, மொட்டைமாடியில் கற்பூரவள்ளி வைக்கட்டும்.