இருட்டில் முயல் பிடிக்க இளம் லர்ச்சரைப் பழக்குவது எப்படி?

லர்ச்சர் நாய்க்குட்டி வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது முயலுக்கு விடலாம்?" என்பதுதான். ஒரு வயது முடியட்டும் என்பதுதான் எப்போதும் என் பதில். பலருக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் அவசரப்பட்டு ஒரு நல்ல நாயை வீணாக்கியவன் நான். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

லர்ச்சர் தனி இனம் கிடையாது, கலப்பு. கிரேஹவுண்ட், விப்பெட், சலூகி போன்ற ஓட்டநாய் ஒரு பக்கம்; காலி (collie), பெட்லிங்டன் டெரியர் போன்ற வேலைநாய் இன்னொரு பக்கம். வேகம் ஓட்டநாயிடமிருந்து வரும், புத்தியும் தாங்கும் உடம்பும் வேலைநாயிடமிருந்து வரும். என்னிடம் இப்போது இருக்கும் செவலை, பெட்லிங்டன் தாய்க்கும் விப்பெட் தகப்பனுக்கும் பிறந்தவள். ராத்திரியில் கைலைட் அடித்து முயல் பிடிப்பதை இங்கிலாந்தில் லாம்பிங் என்பார்கள். நான் போவது யார்க்‌ஷயர் பக்கத்து ஆட்டுப் பண்ணைகளுக்கு.

முதலில் சட்டம்

தமிழில் எல்லாமே முயல்தான். இங்கே இரண்டு உயிர்கள் இருக்கின்றன. மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ராபிட். வளையே இல்லாமல் வயல் நடுவில் சின்னப் பள்ளத்தில் படுத்துக் கிடப்பது ஹேர். உடம்பு பெரிது, கால் நீளம், காது நுனி கறுப்பு. இந்தப் பதிவில் முயல் என்றால் ராபிட்தான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டு ஹண்டிங் ஆக்ட், நாயை வைத்து வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. முயலுக்கும் எலிக்கும் விலக்கு உண்டு, அதுவும் நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும் அல்லது நிலத்துக்காரர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஹேரை நாய் விட்டுத் துரத்துவது குற்றம். 2022-இல் தண்டனை கடுமையானது. அனுமதியில்லாத நிலத்தில் வேட்டைக்கு நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம். ஸ்காட்லாந்தில் 2023-இல் வந்த சட்டம் முயலையும் சேர்த்துக்கொண்டது, நாய் துரத்திக் கொல்வது அங்கே கூடாது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கும் கன்னி, சிப்பிப்பாறை நாய் வளர்ப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊரில் முயல் வேட்டை குற்றம். பழக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், வேட்டையை விட்டுவிடுங்கள்.

இங்கே விவசாயிக்கு முயல் பெரிய தலைவலி. 1954-ஆம் ஆண்டு பெஸ்ட்ஸ் ஆக்ட் படி, முயலைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பே நிலத்துக்காரருடையது. அதனால் மரியாதையாகப் போய்க் கேட்டால் அனுமதி கிடைக்கும். எழுத்தில் வாங்கிப் பையில் வையுங்கள். போகும் ராத்திரி அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். போலீசின் 101 எண்ணிலும் சொல்லிவிட்டுப் போவது நல்லது. இருட்டில் வயலில் லைட் அலைந்தால் யாராவது திருடன் என்று கூப்பிட்டுச் சொல்வார்கள்.

படி 1: நான்கு மாதம் வரை, வாயைக் காப்பாற்றுங்கள்

முயலைப் பிடிப்பதற்கு நாய்க்கு நாம் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது ரத்தத்தில் இருக்கிறது. பிடித்த முயலை உயிரோடு, நசுக்காமல், நம் கைக்குக் கொண்டுவருவதுதான் பழக்கம். அது வேட்டை வயலில் வருவதில்லை, வீட்டுக் கூடத்தில் வருகிறது.

குட்டி ஒருநாள் உங்கள் சாக்ஸைக் கவ்விக்கொண்டு ஓடும். அந்த நிமிஷம் முக்கியமானது. துரத்தாதீர்கள், அதட்டாதீர்கள், பிடுங்காதீர்கள். தரையில் உட்காருங்கள். குட்டி பக்கத்தில் வந்ததும் வாயிலிருப்பதைத் தொடாமல், நெஞ்சையும் காதின் பின்புறத்தையும் தடவிக்கொடுங்கள். அரை நிமிஷம் அது வாயிலேயே இருக்கட்டும். அப்புறம் கையை மோவாய்க்கு அடியில் வைத்தால் தானாக விடும். கொண்டுவந்தால் பறிபோகும் என்று ஒருதடவை பதிந்துவிட்டால், பின்னால் முயலோடு உங்களைச் சுற்றிச் சுற்றி வருமே தவிரக் கையில் தராது.

பிறகு வீட்டு நடையில், எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, சுருட்டிய துணியைத் தூக்கிப் போடுங்கள். திரும்பி வர உங்களிடம் வரும் வழி ஒன்றுதான் இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும். நாலாவது தடவைக்கு அது ஆசைப்படும்போதே நிறுத்துங்கள். இழுபறி விளையாட்டு கூடவே கூடாது, வாய் முரடாகிவிடும்.

விசிலும் இப்போதே. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் இரண்டு குறு விசில். அவ்வளவுதான்.

படி 2: நான்கு முதல் எட்டு மாதம், ஆடு என்பது தரையைப் போல

முயல் இருக்கும் இடத்தில் ஆடும் இருக்கும். ஆட்டைத் துரத்தும் நாயைச் சில சூழ்நிலைகளில் விவசாயி சுட்டுவிடலாம், சட்டம் அவர் பக்கம் நிற்கும். அது மட்டுமில்லை, ஒரே ஒரு தடவை உங்கள் நாய் ஆட்டை விரட்டினால் அந்த ஊரில் யாரும் உங்களுக்கு அனுமதி தரமாட்டார்கள்.

நீளமான கயிற்றில் கட்டி, வாரத்தில் பல நாள் ஆடுகளுக்கு நடுவே நடத்திச் செல்லுங்கள். பார்த்தால் கழுத்துவாரைச் சின்னதாக ஒரு சுண்டு, கண்ணை எடுத்ததும் பாராட்டு. ஆடு மேயும்போது ஒரு கல்சுவரில் உட்கார்ந்து பொழுதைக் கழியுங்கள். நாய் சலித்துப்போய்ப் படுத்துத் தூங்கினால் பாடம் ஏறிவிட்டது. மாடு, கோழி, குதிரை எல்லாவற்றுக்கும் இதே வழி.

தாண்டுவதற்கு முழங்கால் உயரப் பலகை போதும். எலும்பு முற்றாத வயதில் உயரம் தாண்டவைத்தால் மூட்டு கெடும். முள்கம்பி வேலிப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம்.

படி 3: எட்டு முதல் பன்னிரண்டு மாதம், லைட்டோடு நடை

இந்தக் கட்டத்தில் முயலுக்கு விடவே கூடாது. ராத்திரியில் லைட்டோடு நடந்து பழக வேண்டும். ஒரு கையில் லைட், இன்னொரு கையில் ஸ்லிப் வார். ஸ்லிப் என்பது கழுத்தைச் சுற்றிப் போட்டு, ஒரு முனையை விரலில் மாட்டிக்கொள்ளும் வார். விரலை எடுத்தால் சத்தமில்லாமல் நாய் விடுபடும். வீட்டிலேயே நூறு தடவை விட்டுப் பழகுங்கள், இருட்டில் கை தடுமாறக் கூடாது.

முயல்தோலைச் சுற்றிய டம்மி ஒன்றை இருபது முப்பது அடி தள்ளிப் புல்லில் வையுங்கள். லைட்டை டம்மியின் மேல் நிறுத்தி, நாய் அதைப் பார்த்ததும் விடுங்கள். எடுத்தவுடன் விசில் அடித்து, லைட்டை உங்கள் காலடிக்கு முன்னால் தரையில் இறக்குங்கள். வெளிச்சம் இருக்கும் இடத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பதை நாய் சில நாளில் புரிந்துகொள்ளும். நாயின் கண்ணில் மட்டும் நேராக அடித்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அதற்குக் கண் தெரியாமல் போய்விடும், வேலிக்கம்பியில் போய் மோதும்.

இங்கேதான் நான் தவறு செய்தேன். செவலைக்கு முன்னால் கருவாயன் என்று ஒருவன் இருந்தான், காலி கலந்த கிரேஹவுண்ட். எட்டு மாதத்திலேயே அவன் ஓட்டத்தைப் பார்த்து எனக்கு ஆசை அடங்கவில்லை. வேலியோரத்து முயல்களுக்கு விட்டேன். எல்லாம் பத்து அடியில் வளைக்குள் போய்விடும். ஆறேழு ராத்திரி இப்படித் தோற்றபின், ஓடும்போதே கத்த ஆரம்பித்தான். இதை இங்கே வாய் திறப்பது என்பார்கள். எட்டாத முயலுக்கு விட்டு விட்டு, ஏமாற்றம் குரலாக வெளியே வருகிறது. அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த இரண்டு வயல் முயலும் வளைக்குள் போய்விடும். ஒருதடவை வந்தால் அந்தப் பழக்கம் போவதில்லை, கருவாயனுக்கும் போகவில்லை. அவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது.

படி 4: முதல் ராத்திரி

செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல பருவம். நிலா இருக்கக் கூடாது. காற்று பலமாக இருந்தால் உங்கள் காலடிச் சத்தம் மறையும், லேசான தூறலும் இருந்தால் இன்னும் நல்லது. அமைதியான, பனி உறைந்த ராத்திரியில் புல் நொறுங்கும் சத்தமே காட்டிக்கொடுக்கும், கெட்டித்தரை நாயின் கால்விரலையும் கெடுக்கும்.

சாப்பாடு குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். பகலிலேயே ஒருமுறை வயலைச் சுற்றி வாருங்கள். முள்கம்பி, பள்ளம், பழைய இரும்பு எங்கே கிடக்கிறது என்று நாய்க்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும்.

காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி நுழையுங்கள். லைட்டை ஒரு சுற்றுச் சுற்றி அணைத்துவிடுங்கள். ஆட்டின் கண் பச்சையாகக் கூட்டமாகத் திரும்பி மின்னும். முயலின் கண் மங்கிய சிவப்பு, தரையை ஒட்டி, பக்கவாட்டில் ஒற்றையாகத் தெரியும். சின்னக் கனல்துண்டு புல்லில் கிடப்பதுபோல இருக்கும்.

எந்த முயலுக்கு விடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வேலியிலிருந்து நன்றாகத் தள்ளி, வயலின் நடுவில் இருக்க வேண்டும். காதை முதுகோடு ஒட்டி, தரையோடு பதுங்கியிருந்தால் மிக நல்லது. காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் ஓடத் தயாராக இருக்கிறது, அந்த முயல் வேண்டாம். வேலிக்கும் முயலுக்கும் நடுவில் நீங்கள் இருக்கும்படி மெல்லச் சுற்றி வாருங்கள். நாயின் உடம்பு உங்கள் தொடையில் நடுங்கும், அதற்காக அவசரப்படாதீர்கள். பதினைந்து இருபது அடிக்குள் போனபின், நாய் முயலைப் பார்க்கிறது என்று உறுதியானதும் விரலை எடுங்கள்.

லைட் முயலின் மேலேயே இருக்கட்டும், வெட்டி வெட்டி ஆட்டாதீர்கள். தப்பித்து வளைக்குள் போனால் உடனே அணைத்து விசில் அடியுங்கள். லைட் எரிந்துகொண்டிருந்தால் நாய் தானாகத் தேடிக்கொண்டே தூரம் போய்விடும். ஓடுவது ஹேர் என்று தெரிந்தாலும் இதே: அணை, விசில்.

செவலை முதல் முயலைப் பிடித்தபோது அதை வாயில் வைத்தபடி அப்படியே நின்றாள், என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்து லைட்டை முன்னால் இறக்கி, இரண்டு குறு விசில் கொடுத்தேன். நடந்தே வந்தாள். முயலைத் தொடாமல் நெஞ்சைத் தடவினேன், சாக்ஸுக்குச் செய்ததுபோலவே. அப்புறம்தான் கையை மோவாய்க்கு அடியில் வைத்தேன்.

கைக்கு வந்த முயலை ஒரு நொடிகூடத் துன்பப்பட விடக்கூடாது. பின்னங்கால்களை ஒரு கையிலும் தலையை இன்னொரு கையிலும் பிடித்து, இழுத்துத் தலையைப் பின்னுக்கு மடக்கினால் கழுத்து உடனே விடுபடும். பழகியவர் ஒருவரிடம் நேரில் பார்த்துக் கற்றபின் மட்டுமே வயலுக்கு வாருங்கள். கண் வீங்கிச் சீழ் வடியும் முயல் தட்டுப்பட்டால் அது மிக்சோமடோசிஸ் நோய், 1953-இல் இந்த நாட்டுக்குள் வந்தது. அதைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள்.

முதல் ராத்திரிக்கு இரண்டு ஓட்டம். ஒன்று பிடித்தாலும் சரி, அதோடு வீட்டுக்குப் போங்கள். முதல் பருவம் முழுக்க ஒரு ராத்திரிக்கு ஐந்து ஓட்டத்தைத் தாண்டாதீர்கள்.

படி 5: வீடு திரும்பியபின்

முயலின் அடிவயிற்றை விலாவிலிருந்து பின்பக்கம் அழுத்தி, மூத்திரத்தை வயலிலேயே வெளியேற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கறி நாறும். குடலைச் சீக்கிரம் எடுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அந்த ஈரல் வேண்டாம். குடலை நாய்க்குப் போடாதீர்கள், நாடாப்புழு வரும். பூச்சி மருந்தையும் கணக்காகக் கொடுங்கள்.

நாய்க்கு மூச்சு அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலிடுக்கையும் பிரித்துப் பாருங்கள். நெஞ்சு, தொடை உட்புறம், வாய், கண்ணோரம் எல்லாம் கையால் தடவிப் பாருங்கள். கம்பிக்கீறல் ரோமத்துக்குள் மறைந்திருக்கும், விரல்தான் கண்டுபிடிக்கும். துடைத்துக் காயவைத்து, உடம்பு சூடு தணிந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு. காலையில் நொண்டுகிறதா என்று நடக்கவிட்டுப் பாருங்கள்.

அடுத்த ராத்திரிக்கு மூன்று நாளாவது இடைவெளி விடுங்கள். அதே வயலுக்குப் போகாதீர்கள், அங்கே முயல்கள் இப்போது லைட்டைக் கண்டதும் ஓடும். இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, வேறு பக்கத்திலிருந்து நுழையுங்கள்.