நேட்டாலுக்குப் போன கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடுவது எப்படி?

சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று நேட்டாலின் (இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ளது) துறைமுகமான டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் கொடுக்கப்பட்ட ஓர் அடையாள எண், அதாவது காலனியல் நம்பர் உண்டு. நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனுசாமிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

1. வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய பிறப்பு, திருமணப் பத்திரங்களில் பெற்றோரின் நம்பர் இருப்பதுண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வத்தின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள்.

2. நம்பர் கிடைக்கவில்லையா? இறந்தவரின் சொத்துக் கோப்பைத் தேடுங்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பெற்றோர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் என எல்லாம் கேட்டிருப்பார்கள். நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. முதலில் ஃபேமிலிசர்ச் (FamilySearch) என்ற வம்சாவளி ஆவணத் தளத்தில் இலவசமாகப் பார்த்துவிடுங்கள்.

3. அப்புறம் கப்பல் பட்டியல், அதாவது ஒவ்வொரு கப்பலிலும் வந்தவர்களின் பதிவு. இது டர்பன் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று வரிசையாக இருக்கும். நாயுடு, பிள்ளை என்று இன்று குடும்பப் பெயராக இருப்பது அங்கே இல்லாமல் போகலாம்; தகப்பன் பெயரோடு ஒப்பிடுங்கள். முன்னும் பின்னும் உள்ள நம்பர்களையும் பாருங்கள், குடும்பமாக வந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருப்பார்கள். ஜாதி என்ற கட்டத்தில் இருப்பது எழுத்தர் காதில் விழுந்தது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

4. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துக் குழம்பாதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். ஜில்லாக்களும் மாறியிருக்கின்றன: பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பிரிந்துவிட்டது; சித்தூர்ப் பக்கம் ஆந்திராவில் இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் தாலுகாதான் கைகொடுக்கும்.

5. ஊருக்குப் போனால் குலதெய்வக் கோயில் பூசாரியிடம் பேசுங்கள். போனவர்களில் நிறையப் பேருக்குச் சொந்த நிலம் கிடையாது, அதனால் பட்டாவில் பெயர் தேடுவதில் பெரிய பலன் இருக்காது. நிலத்தில் பங்கு கேட்டு வரவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் ஆட்கள் தயங்காமல் பேசுவார்கள்.